மைக்செட்காரர் வீட்டம்மா பேசிய அன்று

வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வருகிற பேர் ஒன்று அவருக்கு இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவர் மைக்செட்காரர்தான். கடைத்தெருவின் கோடியில், டயர் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற கடை அவருடையது. முன்னால் கடை, அதைத் தாண்டினால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. கொட்டகையில் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றின் வாய்க்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒயர்ச் சுருள்கள் ஆணிகளில் தொங்கும். எந்த ஆணியில் எத்தனை அடி ஒயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

சின்ன வயதில் இன்னொரு மைக்செட்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். திறந்த வண்டியில் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர் ஊராகச் சுற்றியதில் இடது காது பாதி போய்விட்டது. மனைவியின் தம்பி, அவருடைய கடையிலேயே வேலை செய்கிறவன், இதை வைத்து எல்லோரிடமும் கிண்டல் செய்வான்.

"எங்க மாமாகிட்ட வேலை ஆகணும்னா வலது பக்கம் நில்லுங்க. திட்டணும்னு தோணுச்சுன்னா இடது பக்கம் வாங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"டேய், அந்த ஒயரைச் சுத்துடா. வாய் மட்டும் ஃபுல் வால்யூம்ல வேலை செய்யுது."

கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, இரங்கல் கூட்டம், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் அவரிடம்தான் ஆள் வரும். காலையில் ஒரு கட்சியின் மேடையில் ஒயர் கட்டுவார். சாயங்காலம் அதே ஒயர் எதிர்க்கட்சி மேடையில் இருக்கும். "மைக்குக்குக் கட்சி கிடையாதுங்க" என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தலைவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சத்தத்தைக் கேட்பாரே தவிரப் பேச்சைக் கேட்டதில்லை. இன்னாருக்கு வாக்கியத்தின் கடைசியில் மூச்சு வாங்கும், இன்னார் மைக்கை விழுங்கப் போகிறவர் மாதிரி வாயை வைப்பார் என்று மட்டும் தெரியும்.

மேடை ஏறுகிற எல்லோருக்கும் அவர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கையால தொடாதீங்க. ஊளை போட்டா உடனே பின்னால போயிடுங்க." யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து புலம்புவார். "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. மைக்குன்னா தள்ளித்தான் நிக்கணும். அது ஊளை போடுதுன்னா நீ ரொம்பக் கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம். இது கூடத் தெரியாதவன்லாம் நாட்ட ஆளப் போறான்." வீட்டம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறாள்.

அவள் பேசுகிறவள் இல்லை. அறுந்த ஒயரைப் பற்றவைப்பது, பின்னைச் சுரண்டித் துடைப்பது, மழையில் நனைந்து வந்த குழாய்களைக் காயவைப்பது எல்லாம் அவள் கைதான். செட்டைச் சோதிக்கும்போது அவர் கடை வாசலில் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்பார். அவள் தெருவின் மறு கோடியில் போய் நின்று, கேட்டால் கையைத் தூக்குவாள். அந்தக் கை தூங்கி வழிந்ததே இல்லை. கேட்காததைக் கேட்டதாகவும் அது ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டிலும் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர்தான் முடிப்பார்.

"என்னங்க, அந்தப் பச்சை ஒயர்..."

"தோல் உரிஞ்சிருக்கு, பார்த்தேன்."

"நாளைக்குத் தம்பி..."

"லீவு கேட்டான், தெரியும், குடுத்தாச்சு."

இதை ஒற்றுமை என்று அவர் நினைத்திருந்தார். நமக்குள் பேச்சே தேவையில்லை, பாதி சொன்னாலே புரிந்துவிடும் என்று நண்பர்களிடம் சொல்லவும் செய்வார். அவள் சொல்ல வந்தது எப்போதும் அதுதானா என்று அவர் கேட்டதில்லை.

எதிர்ச் சந்தில் ஒரு கண்டக்டர் அம்மா குடியிருந்தார். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். அதை மறுபடி விடச் சொல்லி மனு எழுதிப் போட்டார், அலைந்தார், நடக்கவில்லை. அந்த வருஷம் தேர்தல் வந்தபோது யாரும் எதிர்பாராமல் தனியாக நின்றுவிட்டார். வீட்டம்மாவுக்கு அவர் அக்கா மாதிரி. சாயங்காலம் பணி முடிந்து வந்தால் இரண்டு பேரும் சந்து முனையில் நின்று பேசுவார்கள். அதாவது அவர் பேசுவார், இவள் கேட்பாள்.

கண்டக்டர் அம்மா மைக் கேட்டுக் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு சாயங்காலம். ஒரு குழாய் போதும்."

"எல்லாம் புக் ஆயிடுச்சும்மா. ரெண்டு கட்சியும் மாசம் பூராவுக்கும் எடுத்திருக்காங்க."

"கொட்டகையில பாதி கோணி போத்திக் கிடக்குதேண்ணே. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"அதுவும் புக்கிங்தாம்மா."

"சும்மாதானே கிடக்கு?"

"சும்மா கிடக்குறதுக்கும் சேர்த்துத்தான் புக் பண்ணியிருக்காங்க."

கண்டக்டர் அம்மா சிரித்தார். வேறு என்ன செய்வது? சுற்று வட்டாரத்தில் இருந்த மற்ற இரண்டு மைக்செட் கடைகளிலும் அதே கதை. அவர் தொண்டையாலேயே தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனார். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை, தாங்கும் என்று நினைத்தார். தேர்தலுக்கு முந்தின வாரம் அது நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் காற்று வந்தது, குரல் வரவில்லை. வீட்டம்மா தினமும் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேர்தலில் கண்டக்டர் அம்மா எத்தனையாவதாக வந்தார் என்று கூட யாரும் பார்க்கவில்லை. குரல் அதற்குப் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. டிக்கெட் கொடுக்கிற வேலை போய், டிப்போவில் பஸ் கூட்டுகிற வேலை வந்தது. பிறகு மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பஸ் இன்றுவரை வரவில்லை.

வீட்டம்மா அதைப் பற்றிக் கணவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். தொழிலுக்குள் வராத விஷயம், அவரும் மறந்துவிட்டார்.

அப்படி இருக்கையில்தான் அரசாங்கம் ஒரு குழு போட்டது. நாட்டுத் தலைவரையும் சபை உறுப்பினர்களையும் இப்போது தேர்ந்தெடுக்கிற முறையில் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டதாம். முறையை எப்படி மாற்றலாம் என்று ஊர் ஊராகப் போய் மக்களிடமே கேட்கப் போகிறார்களாம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசலாம். ஊர் மன்றத்தில் கூட்டம். மைக் வேலை இவருக்கு வந்தது. இங்கே நல்லபடியாக நடந்தால் மற்ற ஊர்க் கூட்டங்களுக்கும் இவரையே கூப்பிடுவதாகக் குழுவின் அதிகாரி சொன்னார். கழுத்தில் அட்டை மாட்டிய, எதற்கும் ஓட்டமாக ஓடுகிற இளம் அதிகாரி.

முந்தின நாள் மன்றத்தில் ஒயர் கட்டும்போதே ஒரு சிக்கல் வந்தது. மக்கள் பேசுகிற மைக்கை ஓரத்தில் வைக்கலாம் என்றார் மைக்செட்காரர். அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை.

"நடுவுல வைங்க. குழுவோட முகத்துக்கு நேரா நின்னு பேசணும்."

"அங்க வெச்சா நேர் எதிர்ல ஸ்பீக்கர் பாக்ஸ் வரும் சார். சத்தத்தை ஏத்தினா ஊளை போடும்."

"ஏத்தாதீங்க."

அவ்வளவுதான், தீர்ந்தது பிரச்சினை. மைக்செட்காரர் குரலைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்து, சத்தத்தை ஏற்றி இறக்குகிற குமிழ் எதுவரை போனால் ஊளை வராது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினார். கட்சிக்காரர்கள் கத்திப் பழகியவர்கள், அவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். மெதுவாகப் பேசுகிறவர்களைப் பற்றி அவர் நினைக்கவில்லை. முப்பது வருஷத்தில் மெதுவாகப் பேசுகிற ஒருவரும் அவருடைய மைக்கின் முன்னால் வந்ததில்லை.

கூட்டத்தன்று மன்றம் நிரம்பிவிட்டது. மேடையில் குழு. கீழே நடுவழியில் மைக். ஓரமாக ஒரு மேசையில் மைக்செட்காரர், தலையில் ஹெட்போன், கை குமிழில். பக்கத்தில் மைத்துனன்.

முதலில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். வேட்பாளர்களுக்குப் பரீட்சை வைக்க வேண்டும் என்றார்.

"பாஸ் மார்க் எவ்வளவு சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிட் அடிக்க விடுவீங்களா?" என்று இன்னொரு குரல். மன்றம் சிரித்தது.

பழக்கடைக்காரர் ஒருவர், தேர்தலே வேண்டாம், எல்லோர் பேரையும் எழுதிப் போட்டுக் குலுக்கல் முறையில் எடுத்துவிடலாம் என்றார். "போஸ்டர் அடிக்கிற காசும் மிச்சம், ஒட்டுற சுவரும் மிச்சம்."

"குலுக்கல்ல உன் பொண்டாட்டி பேர் வந்தா என்னய்யா பண்ணுவே?"

"என் வீட்ட இப்பவே அவதானே ஆள்றா. நாட்டையும் ஆண்டுட்டுப் போகட்டும்."

ஒரு கல்லூரிப் பெண், தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதால்தான் அவர்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்று படபடவென்று சொன்னாள். லாரி ஓட்டுகிற ஒருவர், சரியாக வேலை செய்யாத உறுப்பினரை நடுவிலேயே இறக்கிவிட வழி வேண்டும் என்றார். "நான் ஒழுங்கா ஓட்டலன்னா லைசென்ஸைப் பிடுங்குறீங்கல்ல? அவங்களுக்கு மட்டும் என்ன அஞ்சு வருஷம் அசையாம?" அதற்கு நல்ல கைதட்டல். ஒரு முதியவர் வந்து, "எப்படி வேணா எடுங்க, எங்க தெரு விளக்கு மட்டும்..." என்று தொடங்க, நீதிபதி, "தலைப்பை ஒட்டிப் பேசுங்க பெரியவரே" என்றார். பெரியவர் தலைப்பைத் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் கையில் கோப்பையோடு நின்றார்கள். "இதெல்லாம் நடக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். "நடந்தா மட்டும்?" என்று யாரோ பதில் சொன்னார்கள். மைத்துனன் தேநீரை உறிஞ்சிவிட்டு, "எந்தச் சல்லடையைப் போட்டுச் சலிச்சாலும் வர்றது அந்த ஆளுங்கதான் மாமா. சல்லடையை வாங்குறதே அவங்கதானே" என்றான்.

முன்வரிசையில் ரெண்டு போன்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பதால் வந்த பேர். அவருடைய கட்சிக்கு மைக், மேடை, நாற்காலி, ஆள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவர். தேர்தல் மாதத்தில் கொட்டகையையே வளைத்துப் போடுகிறவரும் அவர்தான். யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து இன்னும் சிலர் பேசினார்கள். அதிகாரி அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். பெண்கள் பக்கத்தில் சுவரோரமாக ஒருத்தி எழுந்தாள்.

மைத்துனன் அவரை இடித்தான். "மாமா... அக்கா, மாமா!"

மைக்செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். காலையில் அவள் சாப்பாடு கட்டிக் கொடுத்தாளே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வீட்டில் கல்யாணம் காட்சிக்கு உடுத்தும் உடுப்பில், முன்னும் பின்னும் பார்க்காமல் அவள் நடுவழியில் நடந்து வந்தாள். மைக்குக்கு நல்ல தூரத்தில் நின்றுகொண்டாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தள்ளி நிற்க வேண்டும், தொடக் கூடாது. அவர் சொன்னதை உலகத்திலேயே கடைப்பிடித்த ஒரே ஆள்.

அவள் உதடு அசைந்தது. மன்றத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனில் அவருக்குக் கேட்டது.

"வணக்கங்க. எனக்குப் பேச வராது. எல்லாரும் எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு சொன்னாங்க. யார் பேசுறது நம்ம காதுல விழுதோ அவங்களைத்தானே நாம தேர்ந்தெடுக்க முடியும்..."

"கேக்கலம்மா!" என்றது பின்வரிசை.

"கொஞ்சம் சத்தமா" என்றார் நீதிபதி.

அவள் சத்தமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அதே குரலில் பேசினாள். "எங்க தெருவுல ஒரு அக்கா தேர்தல்ல நின்னாங்க. நல்லவங்க. அவங்களுக்கு மைக் கிடைக்கல. மைக் இல்லாம இல்லீங்க. இருந்துது. எங்க கொட்டகையிலதான் இருந்துது. சும்மா கிடந்துது. அடுத்தவங்களுக்குப் போயிடக் கூடாதுன்னே எடுத்து வெச்சிருந்தாங்க."

"சத்தம்! சத்தம்!" மன்றத்தில் சலசலப்பு. யாரோ விசில் அடித்தார்கள்.

மைக்செட்காரரின் விரல்கள் குமிழில் இருந்தன. குமிழ் டேப் ஒட்டிய இடத்தில் இருந்தது. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. மைத்துனன், "மாமா, ஏத்துங்க மாமா" என்று கெஞ்சினான். அவர் அசையவில்லை. முதல் முறையாக அவர் சத்தத்தைக் கேட்கவில்லை, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதனால நிக்கிற எல்லாருக்கும் ஒரே மேடை, ஒரே மைக். அதை அரசாங்கமே போடணும். முறை வெச்சுப் பேசட்டும். கட்சிக்காரங்க யாரும் தனியா மைக் வாடகைக்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வரணும். எங்க வீட்டுத் தொழிலே அதுதான். அது போயிடும்..."

அந்த இடத்தில் அவர் குமிழைத் திருப்பினார். டேப்பைத் தாண்டித் திருப்பினார்.

மன்றமே கிழிந்த மாதிரி ஊளை எழுந்தது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். மேடையில் நீதிபதி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அவள் பயந்துபோனாள். ஊளை போட்டால் ரொம்பக் கிட்ட வந்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்? பின்னால் போனாள். அவர் அவசரமாகக் குமிழை இறக்கினார். ஊளை நின்றது. அவள் இன்னும் பின்னால் போய், நாற்காலி வரிசை முட்டுகிற இடத்தில் நின்று, கடமை தவறாமல் மிச்சத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவருக்கும் கேட்கவில்லை.

மணி அடித்தது.

"நன்றிம்மா. உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்" என்றார் நீதிபதி. நல்ல மனிதர். எல்லோரிடமும் அதே மரியாதையோடுதான் சொன்னார்.

அவள் திரும்பி நடந்தபோது கணவரை ஒரு தடவை பார்த்தாள். ஒரு தடவைதான். மைத்துனன் எழுந்து அக்காவிடம் போனான். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அதிகாரி ஓட்டமாக மேசைக்கு வந்தார். "அந்தம்மா என்ன சொன்னாங்க? மைக் மைக்னு ஏதோ காதுல விழுந்துதாம். மைக் சரியில்லைன்னு குறை சொன்னாங்களா?"

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். அவள் கேட்டது என்ன என்று அவருக்குத் தெரியும். ஒரே மேடை, ஒரே மைக் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். ஆனால் ரெண்டு போன்காரர் எழுந்து வந்து மேசையோரமாக நின்றிருந்தார். போனைப் பார்ப்பது போல நின்றார்.

"உங்களுக்காவது கேட்டுதா?" என்றார் அதிகாரி.

"சரியாக் கேக்கல சார்."

சொன்ன வாயை அவரே நம்பவில்லை. அதிகாரி, "சரி, பொதுவான கருத்துன்னு போட்டுக்கிறேன்" என்று போய்விட்டார்.

ரெண்டு போன்காரர் குனிந்து அவருடைய தோளைத் தட்டினார். "கெட்டிக்காரர்ணே நீங்க. நான் முன்னாலேயே உக்காந்திருந்தேன், பாதி காதுல விழுந்துது. சரியான நேரத்துல விட்டீங்க பாருங்க ஒரு ஊளை! வீட்டம்மாகிட்ட சொல்லி வைங்க, இதெல்லாம் வேண்டாம்னு."

"நான் அதுக்காக ஏத்தலைங்க."

"சரி சரி, எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒயரெல்லாம் சுற்றி வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வந்தார். அவள் வழக்கம் போலச் சுருள்களை வாங்கி ஆணிகளில் மாட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்.

"எல்லாருக்கும் கேக்கணும்னுதான் ஏத்துனேன்" என்றார்.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"எதுவரைக்கும்?"

"தொழில் போயிடும்னு சொன்னியே, அதுவரைக்கும்."

"அதுக்கு முன்னாலெல்லாம் கேக்கல கேக்கலன்னு கத்துனாங்களே. அப்போ ஏத்தலையே."

அவள் அடுத்த சுருளை எடுத்து ஆணியில் மாட்டினாள். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு வாக்கியத்தை அவள் முழுதாகச் சொல்லி முடித்ததும், அதை அவர் நடுவில் வெட்டாததும் அன்றுதான்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே கிடந்து உருண்டது. டேப்பைத் தாண்டினால் ஊளை வரும் என்று தெரியாத ஆளா அவர்? முப்பது வருஷக் கை அது. மனைவி பேச்சு ஊருக்குக் கேட்கட்டும் என்று மனசு திருப்பியதா, தொழில் போகப் போகிறது என்று கை திருப்பியதா? கேட்கட்டும் என்றுதான் ஏற்றினேன் என்று ஆயிரம் முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயிரம் முறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதும் அவருக்கு உறைத்தது. மைத்துனன் முன்பு போல அவரைக் கிண்டல் செய்வதையும் விட்டுவிட்டான். வேலையை ஒழுங்காகச் செய்தான், "சரிங்க மாமா" என்றான், அதோடு சரி.

மற்ற ஊர்க் கூட்டங்கள் எல்லாம் அவருக்கே வந்தன. ரெண்டு போன்காரர் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஊர் ஊராகப் போனார். எல்லா ஊரிலும் ஒரு பரீட்சை வாத்தியார் இருந்தார், ஒரு குலுக்கல்காரர் இருந்தார். எல்லா ஊரிலும் தெரு விளக்குப் பெரியவருக்கு மணி அடித்தது. இப்போது அவர் ஒவ்வொருவருடைய பேச்சையும் ஒரு சொல் விடாமல் கேட்டார். அவள் சொன்னதை எந்த ஊரிலும் ஒருவர் கூடச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஹெட்போனை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம்.

கடைசி ஊர்க் கூட்டம் முடிந்தபோது அவருக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. எல்லோரும் கலைந்த பிறகு, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நீதிபதியிடம் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, எங்க ஊர்க் கூட்டத்துல எங்க வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. அன்னைக்கு யாருக்கும் கேக்கல. நான் சொல்லலாங்களா?"

நீதிபதி நின்றார். மூட்டுவலி போல, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது உங்க கருத்தா, அவங்க கருத்தா?"

"அவங்களோடதுங்க."

"அப்போ அவங்கதான் சொல்லணும்."

"சொன்னாங்க ஐயா. கேக்கலை."

"கேக்காததை நான் எப்படி எழுதுறது?" என்றார் அவர், கடிந்துகொள்ளாமல். "எழுத்துல குடுக்கிறதுக்கும் கெடு முடிஞ்சுபோச்சு. நீங்க வேலைக்கு வந்தவரு, உங்க பேர்லயும் எடுத்துக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "விடுங்க. காலையில பேப்பர் பார்த்தீங்களா? தேர்தல் தேதி சொல்லிட்டாங்க. பழைய முறையிலதான். எங்களுக்கு அறிக்கை குடுக்க இன்னொரு வருஷம் தவணை நீட்டியிருக்காங்க. வீட்டம்மா சொன்னதை எழுதியிருந்தாலும் அது அலமாரியிலதான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பழைய மைக்கின் வலையைப் பிரித்துத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். தான் கேட்டதையும் நீதிபதி சொன்னதையும் தேர்தல் தேதியையும் சொன்னார்.

அவள் தூசு தட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவர்கிட்ட கேக்குறப்போ யாரெல்லாம் இருந்தாங்க?"

"நானும் அவரும்தான். கூட்டம் எல்லாம் கலைஞ்சு போயிடுச்சு."

"மைக்கு?"

"அதை ஆஃப் பண்ணி, கழட்டிப் பெட்டியில வெச்சுட்டுத்தான் போனேன்."

அவள் தலையை ஆட்டினாள். வலையை மறுபடி பொருத்தித் திருகினாள். அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். என்னங்க என்று ஒரு வார்த்தை ஆரம்பித்தால் கூடப் போதும், முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வழியிலேயே முடிவு செய்து வந்திருந்தார். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரெண்டு போன்காரர் இறங்கி, இரண்டு போனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்.

"போங்க" என்றாள் அவள். "ஆள் வந்திருக்கு."